கழுத்து டிஸ்க் தேய்மானம்: அறிகுறிகளை இனம் காண்பது எப்படி?

கழுத்து வலியுடன் மருத்துவரைப் பார்க்கச் செல்லும் நடுவயதினர் பலர், ஓர் எக்ஸ்ரே படத்துடனும் ‘எலும்பு தேய்ந்திருக்கிறது’ என்ற ஒற்றை வரியுடனும் வீடு திரும்புகிறார்கள். அந்த வரி அவர்களைப் பல ஆண்டுகள் அச்சத்தில் வைத்திருக்கிறது. ஆனால், தங்கள் உடலில் எதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், எதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதை அது சொல்வதில்லை. கழுத்து டிஸ்க் தேய்மானத்தைப் பொறுத்தவரை, வலி எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைவிடத் தொல்லை எங்கே தெரிகிறது என்பதுதான் முக்கியம். அது கழுத்தோடு நிற்கிறதா, ஒரு கையில் இறங்குகிறதா, அல்லது கைகளின் திறனையும் நடையையும் சேர்த்துப் பாதிக்கிறதா என்பது தெரிந்துவிட்டால், சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாமா, உடனே புறப்பட வேண்டுமா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் இருக்கின்றன. முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே டிஸ்க் கிடையாது. இரண்டாம் எலும்புக்குக் கீழே தொடங்கி, ஏழாம் எலும்புக்கும் மார்புப் பகுதியின் முதல் எலும்புக்கும் நடுவில் உள்ளது வரை, மொத்தம் ஆறு டிஸ்க்குகள். பேச்சு வழக்கில் ‘ஜவ்வு’ என்று குறிப்பிடப்படுவது இதுதான். நடுவே நீர்ச்சத்து மிகுந்த கூழும் அதைச் சுற்றி நார் வளையங்களும் கொண்ட இந்த அமைப்புக்குள், வளர்ந்த மனிதரின் உடலில், இரத்தக் குழாய்கள் நுழைவதில்லை என்றே சொல்லலாம். வெளி விளிம்பைத் தவிர மற்ற பகுதிக்கெல்லாம், மேலும் கீழும் உள்ள எலும்புகளிலிருந்து ஊட்டச்சத்து கசிந்து வந்து சேர்ந்தால்தான் உண்டு. அதனால் ஒருமுறை ஏற்பட்ட சேதம் எளிதில் சீராவதில்லை. வயது ஏற ஏறக் கூழின் நீர்ச்சத்து குறைகிறது. டிஸ்க்கின் உயரம் இறங்குகிறது. நார் வளையத்தில் விரிசல் விழுகிறது. விளிம்புகளில் எலும்பு முனைகள் வளர்கின்றன. பரம்பரைக் கூறும் புகைப்பழக்கமும் இதை விரைவுபடுத்துகின்றன. ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவிலும், ஆறாம், ஏழாம் எலும்புகளுக்கு நடுவிலும் உள்ள டிஸ்க்குகளே மிகுதியாகத் தேய்கின்றன.

தேய்மானம் இருப்பதாலேயே நோய் இருப்பதாகப் பொருளில்லை. ஜப்பானில் கழுத்துத் தொல்லை எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்களுள் 87.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதைத் தாண்டிய இளைஞர்களிடமும் அது பரவலாகக் காணப்பட்டது. ஆகவே, படத்தில் தெரிவது உங்கள் வலிக்குக் காரணமா என்பதை முடிவு செய்ய உதவுவது உங்கள் அறிகுறிகளே. அவற்றைச் சரியாக எடுத்துச் சொல்லத் தெரிந்த நோயாளிக்கு, விலையுயர்ந்த பரிசோதனைகளுள் பாதி தேவைப்படாமல்கூடப் போகலாம் என்பது என் கருத்து.

கழுத்தோடு நிற்கும் வலி

டிஸ்க்கிலிருந்தும் அதன் பின்னுள்ள சிறு மூட்டுகளிலிருந்தும் எழும் வலி, பெரும்பாலும் பிடரியின் நடுவிலோ ஒரு பக்கமாகவோ ஆழத்தில் மந்தமாக இருக்கும். விரலை வைத்து ‘இங்கேதான்’ என்று காட்டுவது கடினம். உள்ளங்கையால் தடவித்தான் இடத்தைக் காட்ட முடியும். கணினி, தையல் இயந்திரம், கைப்பேசி என எதன் முன்னாவது நெடுநேரம் குனிந்திருந்தால் வலி கூடுவதும், சாய்ந்து படுத்துத் தலையின் பாரத்தைத் தலையணையில் இறக்கினால் குறைவதும் இதன் இயல்பு. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாமல் உடம்பையே திருப்ப வேண்டியிருப்பதைப் பலர் முதலில் கவனிக்கிறார்கள்.

இரு தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே முதுகில் தோன்றும் வலியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கழுத்தின் கீழ்ப்பகுதி டிஸ்க்குகள் தங்கள் வலியை அந்த இடத்தில்தான் காட்டுகின்றன. ‘முதுகில் வாயு பிடித்திருக்கிறது’ என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களுள் சிலருக்குத் தொல்லையின் ஊற்று கழுத்தில் இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்க்கும்போதோ பக்கவாட்டில் திருப்பும்போதோ அந்த முதுகு வலி கூடினால், கழுத்தைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. கழுத்தின் மேற்பகுதி பாதிக்கப்பட்டால், பிடரியில் தொடங்கிப் பின்மண்டை வழியாக மேலேறும் தலைவலி வரலாம்.

காலையில் எழும்போது கழுத்து விறைத்திருப்பது பொதுவானது. சிறிது நேரம் நடமாடினால் அரை மணிக்குள் தளர்ந்துவிடும். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி, வேலை செய்யச் செய்யக் குறைகிறது என்றால், குறிப்பாக அவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர் என்றால், தேய்மானத்தைவிட மூட்டு அழற்சி நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது எழும் ‘நறநற’ ஓசை, வலி இல்லாதவரை, ஒரு பொருட்டன்று.

இந்த முதல் வகையில் ஆபத்து குறைவு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்து, பின்னர் அவ்வப்போது தலைகாட்டும்.

ஒரு கையில் இறங்கும் வலி

பிதுங்கிய டிஸ்க்கோ வளர்ந்த எலும்பு முனையோ, தண்டுவடத்திலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் நரம்பு வேரை நெருக்கினால், அறிகுறியின் தன்மையே மாறிவிடுகிறது. மந்தமான வலி போய், தோளிலிருந்து கை வழியாகச் ‘சுரீர்’ என்று ஒன்று இறங்குகிறது. மின்சாரம் பாய்ந்தது போலவும், எரிவது போலவும், கைக்குள் பல்வலி புகுந்துகொண்டது போலவும் நோயாளிகள் அதை விவரிப்பார்கள். கழுத்தில் வலி அறவே இல்லாமல் கையில் மட்டும் வலி இருப்பதும் உண்டு என்பதால், கழுத்தை நினைக்கவே தோன்றாமல் நாட்கள் கடந்துவிடும்.

இதில் இனம் காண மிகவும் உதவுவது விரல்கள். எந்த விரல் மரத்துப்போகிறது என்பதும் எந்த அசைவு வலுவிழக்கிறது என்பதும் எந்த நரம்பு என்பதை ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். கழுத்து நரம்புகளை மேலிருந்து எண்ணும்போது ஐந்தாவதாக வரும் நரம்பு நெருக்கப்பட்டால் தொல்லை தோளின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுப்பது கடினமாகும். ஆறாம் நரம்பு என்றால், முன்கையின் பெருவிரல் பக்கமாக இறங்கிப் பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்துப்போகும். முழங்கையை மடக்கிப் பாரம் தூக்குவதும் மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்துவதும் வலுவிழக்கும். ஏழாம் நரம்பே மிகுதியாகப் பாதிக்கப்படுவது: நடுவிரலில் மரமரப்பு, மேற்கையின் பின்புறம் வலி, கையை நீட்டித் தள்ளுவதில் தளர்ச்சி. கனமான கதவைத் தள்ளும்போதும், தரையில் கையூன்றி எழும்போதும் இந்தத் தளர்ச்சி வெளிப்படும். எட்டாம் நரம்பில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்து, பிடி தளர்கிறது. புட்டியின் மூடியைத் திருகவோ ஈரத் துணியைப் பிழியவோ முடியாமல் போகிறது. இந்த எல்லைகள் ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும். பக்கத்து நரம்புகளின் பகுதிகள் ஒன்றோடொன்று மேவியும் இருக்கும். எனவே, விரலை மட்டும் வைத்துக்கொண்டு எந்த டிஸ்க் என்று நீங்களே தீர்மானித்துவிடக் கூடாது.

கழுத்தின் நிலைக்கும் கை வலிக்கும் உள்ள தொடர்பு இன்னொரு நல்ல தடயம். மேலே நிமிர்ந்து பார்த்தபடி வலியுள்ள பக்கம் தலையைச் சாய்த்தால் நரம்பு வெளியேறும் துளை சுருங்குகிறது. அதனால் வலி கைக்குள் பாயும். உயரத்தில் துணி காயப்போடும்போதும், மின்விசிறியைத் துடைக்கும்போதும் வலி கூடுகிறது என்று சொல்பவர்களுக்கு நிகழ்வது இதுதான். இதற்கு மாறாக, வலிக்கும் கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் நரம்பின் இழுவிசை தளர்ந்து பலருக்கு நிம்மதி கிடைக்கிறது. ஒருவர் தம்மையறியாமலே கையைத் தலைமேல் வைத்தபடி உறங்கப் பழகிவிட்டார் என்றால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. தலையை அழுத்திச் சாய்த்துச் செய்யும் சோதனையை மருத்துவரே செய்யட்டும். வீட்டில் ஒருவர் தலையை இன்னொருவர் அழுத்திப் பார்ப்பது வேண்டாம்.

வலி கடுமையாக இருந்தாலும் இந்த வகையின் போக்கு பொதுவாக நல்லதே. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இத்தகைய நரம்பு வேர்ப் பாதிப்புக்கு ஆளான 561 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, இறுதியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தொல்லையின்றியோ மிகச் சிறிய தொல்லையுடனோ இருந்தனர். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். ஆனால், வலி குறையும்போது வலுவும் சேர்ந்து குறைந்தால் அதைக் குணமாகக் கருதிவிடக் கூடாது. நாளுக்கு நாள் கை சோர்ந்துகொண்டே போனால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தண்டுவடம் நெருக்கப்படும்போது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். தேய்ந்த டிஸ்க்கும் தடித்த தசைநார்களும் பக்கவாட்டு நரம்பை விட்டுவிட்டு நடுவிலுள்ள தண்டுவடத்தையே நெருக்கும்போது, வலி பெரிதாக இல்லாமலே பாதிப்பு வளர்ந்துவிடும். வலி இல்லாததால் யாரும் கழுத்தை நினைப்பதில்லை. ‘வயதாகிவிட்டது’, ‘சர்க்கரை நோய் நரம்பைத் தாக்கிவிட்டது’, ‘மணிக்கட்டு நரம்பு’ என்று வெவ்வேறு பெயர்களில் காலம் ஓடுகிறது. இந்த நோய்க்குச் சரியான பெயர் சூட்டப்படுவதற்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூத்தவர்களுக்குத் தண்டுவடம் செயலிழப்பதற்கு முதன்மையான காரணமே இதுதான் எனும்போது, அந்தத் தாமதம் வருத்தத்துக்குரியது.

முதலில் காட்டிக்கொடுப்பவை கைகளே. இங்கே ஒரு விரல் மட்டும் மரத்துப்போவதில்லை. இரு கைகளிலும் ஒரு மதமதப்பும், அதைவிட முக்கியமாக நுண்மையான வேலைகளில் ஒரு தடுமாற்றமும் தோன்றும். சட்டைப் பொத்தானைப் போட நேரம் பிடிக்கிறது; புடவையில் ஊக்கு குத்த முடியவில்லை; பூக்கட்டும் விரல்கள் நாரில் சிக்குகின்றன; சில்லறையைப் பையிலிருந்து தடவி எடுக்கத் தெரியவில்லை; சாதத்தைப் பிசைந்து எடுக்கும்போது சிந்துகிறது; கையெழுத்து மாறிப்போய் வங்கியில் கேள்வி கேட்கிறார்கள். இவற்றுள் எதுவும் ஒரே நாளில் வருவதில்லை என்பதால், நோயாளியைவிடக் கூடவே இருப்பவர்கள்தான் வேறுபாட்டை முதலில் உணர்கிறார்கள். அம்மா ஏன் இப்போதெல்லாம் பாத்திரத்தை நழுவவிடுகிறார் என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு கழுத்து இருக்கக்கூடும்.

அடுத்து நடை. கால்கள் வலுவிழந்ததாகச் சொல்வதைவிட, விறைத்துப்போனதாகவும் சொன்ன பேச்சைக் கேட்காததாகவும் நோயாளிகள் சொல்வார்கள். படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுவது, இருட்டில் தள்ளாடுவது, சமமான தரையிலும் கால் இடறுவது, கண்ணை மூடி முகம் கழுவும்போது சாய்வது, செருப்பு காலிலிருந்து நழுவியதே தெரியாமல் நடப்பது ஆகியவை கவனிக்க வேண்டியவை. தலையை முன்னால் குனியும்போது முதுகுத்தண்டு வழியாகக் கால்வரை மின்னதிர்வு பாய்வதும் தண்டுவடம் தொல்லைப்படுவதன் அடையாளம். சிறுநீர் அவசரமாக வருவதும், வந்தும் வெளியேறத் தாமதமாவதும் பின்னர் சேரலாம். ஆண்கள் அதைப் புராஸ்டேட் கோளாறு என்றே நினைத்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே தீங்கின்றிச் செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள் உண்டு. கையை நீட்டி, விரல்களை முழுவதும் விரித்து முழுவதும் மூடுவதைப் பத்து விநாடிகளுக்கு எவ்வளவு விரைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு விரைவாகச் செய்யச் சொல்லி எண்ணுங்கள். நல்ல நிலையில் உள்ள ஒருவர் இருபது முறையாவது செய்துவிடுவார். அதைவிடத் தெளிவாகக் குறைந்தாலோ, விரல்கள் முழுவதும் விரியாமல் மெல்ல மெல்ல அசைந்தாலோ கவனிக்க வேண்டும். அடுத்து, இரு கைகளையும் உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க முன்னால் நீட்டி, விரல்களை ஒட்டி வைத்து அரை நிமிடம் பிடித்திருக்கச் சொல்லுங்கள். சுண்டு விரல் தானாகவே விலகித் தொங்கினால் அதுவும் ஒரு குறி. பிறகு, ஒரு காலின் குதிகால் மறுகாலின் பெருவிரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மூட்டுவாதமோ முழங்கால் தேய்மானமோ உள்ளவர்கள் வேறு காரணத்தாலும் தடுமாறக்கூடும் என்பதால், இவை நோயை உறுதிசெய்வதில்லை. ஆனால், மருத்துவரிடம் போகத் தயங்குபவரை அனுப்பிவைக்க இவை போதும்.

இத்தகைய அறிகுறிகள் உள்ளவர் கழுத்தைப் பிறர் கையில் கொடுக்கக் கூடாது. முடிதிருத்தும் கடையில் தலையைத் திருகி நெட்டி முறித்துக்கொள்வதும், சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைத் திருப்பச் சொல்வதும் யாருக்குமே உகந்தவை அல்ல. கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் அதனால் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே நெருக்கப்பட்ட தண்டுவடம் உள்ளவருக்கு அந்த ஒரு திருகல் கைகால்களை முடக்கிவிடக்கூடும். அதேபோல, தேய்மானம் உள்ள முதியவர் குளியலறையில் வழுக்கி முகம் அடிபட விழுந்தால், எலும்பு முறியாவிட்டாலும் கழுத்து பின்னுக்கு மடங்கித் தண்டுவடம் நசுங்கலாம். நடக்க முடிந்தும் கைகளைத் தூக்க முடியாத நிலை அதன் அடையாளம். நெற்றிக் காயத்துக்குத் தையல் போட்டுவிட்டு வீடு திரும்பும் முன், கைகளின் வலுவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

டிஸ்க் மேல் பழி விழும் பிற தொல்லைகள்

நம் ஊரில் தலைசுற்றல் வந்தாலே ‘கழுத்து எலும்பு தேய்மானம்’ என்று சொல்லிக் கழுத்துப் பட்டை மாட்டிவிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. படுக்கையில் புரளும்போதும் தலையை நிமிர்த்தும்போதும் அறையே சுழல்வது போன்ற சுற்றல், பெரும்பாலும் உள்காதிலுள்ள நுண்துகள்கள் இடம் மாறுவதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் எளிய சிகிச்சையிலேயே அது பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குக் கழுத்து எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியத்தான் செய்யும், காரணம் தெரியாது.

இரவில் கை மரத்து விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தைராய்டு குறைபாடும் சர்க்கரை நோயும் உள்ளவர்களிடம் அது மிகுதி. கழுத்தை எப்படித் திருப்பினாலும் அதில் மாற்றம் இருக்காது. தோளை எந்தப் பக்கமும் அசைக்க முடியாமல், பிறர் தூக்கிவிட்டாலும் கை உயராமல் இருந்தால், அது தோள்மூட்டு இறுகிப்போனதன் விளைவு. இரு பாதங்களிலும் மரமரப்பு தொடங்கி மெல்ல மேலேறினால், சர்க்கரை நோயையும் வைட்டமின் பி12 குறைபாட்டையும் பார்க்க வேண்டும். ஒருவருக்கு இவற்றுள் இரண்டு சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறந்துவிடலாகாது.

இடது கையில் வலி வந்து, நடக்கும்போது கூடி, நின்றால் குறைந்து, நெஞ்சு அழுத்தமோ வியர்வையோ மூச்சுத்திணறலோ உடன் இருந்தால், கழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் இதயத்துக்கான அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு, படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றுள் ஒன்று கழுத்து வலியோடு சேர்ந்தாலும் அது தேய்மானக் கணக்கில் வராது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது.

மருத்துவரிடம் செல்லும் முன்

ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: வலி எங்கே தொடங்கி எதுவரை போகிறது, எந்த விரல்கள் மரக்கின்றன, எந்த நிலையில் கூடுகிறது, எதில் குறைகிறது, முன்பு செய்ய முடிந்த எந்த வேலை இப்போது முடியவில்லை. மரக்கும் இடத்தைப் பேனாவால் கையிலேயே வரைந்து படம் எடுத்துக்கொள்வதும் பயன்படும். ‘கையெல்லாம் மரத்துப்போகிறது’ என்று சொல்வதற்கும் ‘வலது நடுவிரலும் சுட்டுவிரலும் மரக்கின்றன, இடதில் ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்கும் இடையே, சில நிமிடங்களே கிடைக்கும் புறநோயாளிப் பிரிவில், பெரிய வேறுபாடு உண்டு. நடுக்கம், சிறுநீர்த் தொல்லை, தாம்பத்தியக் குறை ஆகியவற்றையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

மருத்துவர் கைகளின் வலுவைச் சோதிப்பார்; சிறு சுத்தியலால் முழங்கையிலும் முழங்காலிலும் தட்டிப் பார்ப்பார்; நடக்கச் சொல்வார். தட்டியதும் கைகால்கள் தாமாகவே துள்ளும். நரம்பு வேர் நெருக்கப்பட்டால் கையில் அந்தத் துள்ளல் குறையும். தண்டுவடம் நெருக்கப்பட்டால் காலில் அது மிகையாகும். இவை எதுவும் செய்யப்படாமல் படம் மட்டும் பார்க்கப்பட்டது என்றால், ‘கை வலுவையும் நடையையும் ஒருமுறை பார்க்க முடியுமா?’ என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கழுத்தோடு நிற்கும் வலிக்கு உடனடியாக எம்.ஆர்.ஐ. தேவைப்படுவதில்லை. கை வலி ஆறு வாரங்களுக்கு மேல் குறையாமல் நீடித்தாலோ, வலு குறைந்தாலோ, தண்டுவட அறிகுறி ஒன்று தென்பட்டாலோ அது தேவை. திடீரென்று கையோ காலோ செயலிழந்தால், அல்லது சிறுநீர் அடைத்துக்கொண்டால், மறுநாள் முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே நரம்பியல் அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தண்டுவடம் நெருக்கப்பட்டிருந்தால், அறுவை சிகிச்சையால் முதலில் எதிர்பார்க்கப்படுவது பாதிப்பு மேலும் வளராமல் நிறுத்துவது. இழந்த திறன் எவ்வளவு திரும்பும் என்பது, எவ்வளவு காலம் அந்த நெருக்கடி நீடித்தது என்பதையும் அதற்குள் எவ்வளவு பாதிப்பு நிகழ்ந்துவிட்டது என்பதையும் பொறுத்தது.